நீச்சல் வீரர் தெயோபிலோ இல்தெபொன்சோ

விளையாட்டுப் போட்டிகளின் வரலாற்றை எழுதுவோர் முதலிடம் பெற்றோரைப் பற்றியே விரித்துரைப்பர். பரிசளிப்பு விழாக்களில் மூன்றாம் இடத்தானுடைய பெயர் வாசிக்கப்படும்போது கரகோஷம் குன்றிவிடுவதை ஆசிரியராகிய நாம் ஆண்டுதோறும் கண்டு வருகின்றோம். ஒலிம்பிக் விழாக்கள் மூன்றில் நீந்தியும் ஒருமுறையேனும் முதலிடம் பெறாத ஒருவருடைய சரிதத்தை இம்மலருக்கு எழுதப் புகுந்தமைக்கு அதுவே காரணம். அவர் பிலிப்பைன் தீவினர். தெயோபிலோ இல்தெபொன்சோ என்னும் பெயரினர்.

லூசோன் தீவின் வடபால், வட இலோக்கோஸ் மாகாணத்திலே பிடிக் என்னும் ஊரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் பிறந்தார். ஊரருகே ஓடும் கிசித் ஆற்றிலேயே நீந்தப் பழகினார். அக்காலத்தில் பிலிப்பைன் தீவுகள் அமெரிக்கரின் ஆட்சியில் இருந்தன. அமெரிக்கப் படையில் பிலிப்பைன் தேசத்தவரைக் கொண்டு அமைந்த சாரணப்படை என்றொரு பிரிவு இருந்தது. இளைஞராகிய இல்தெபொன்சோ அதன் 57 ஆவது காலாட்படை அணியிற் சேர்ந்தார். ஆற்றிலே கற்ற வித்தை படையிலே வெளிப்பட்டது. 1923 இல் யப்பானின் ஒசாக்கா நகரில் நிகழ்ந்த கீழைத்தேய விளையாட்டு விழாவில் அவர் வாகை சூடினார். பின்வந்த அவ்விழாக்களிலும் அவர் பெயர் முன்னின்றது.

அவர் கைவந்த நீச்சல் மார்பு நீச்சல் எனப்படும். நம் ஊர்ச் சிறுவர் அதனைத் தவளை நீச்சல் என்பர். இரு கைகளும் மார்பினின்றும் ஒருங்கே முன்சென்று, ஒருங்கே நீரை விலக்குதல் வேண்டும். கால்களும் அவ்வாறே ஒருங்கே மடங்கி ஒருங்கே உதைத்தல் வேண்டும். போட்டிக்குரிய நீச்சல்களுள் மிக மெதுவானது இதுவே. எனினும் எளிதன்று. கையின் இழுப்பும் காலின் உதைப்பும் இம்மியளவு ஒவ்வாது போயினும் உடல் நீரில் தடைப்பட்டு நின்றுவிடும். இல்தெபொன்சோவை இக்கால மார்பு நீச்சலின் தந்தை என்று போற்றுவாரும் உளர். ஒரு நீச்சல் முறை பலர் கையால் திருந்துவதாதலின், இப்புகழுரையை நாம் அளவோடு கொள்வோம். அவர் பெருமைக்குக் கடிகாரமே போதிய சான்று.

1928 ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் நகரில் ஒலிம்பிக் விழா நடைபெற்றது. 200 மீற்றர் மார்பு நீச்சலில் யப்பானியரான யொஷியுக்கி சுருதா 2 நிமிடம் 48.8 செக்கனில் முதல்வரானார். யேர்மனியின் எறிக் றாடெமாக்கர் இரண்டாமவர். இல்தெபொன்சோ 2 நிமிடம் 56.4 செக்கனில் மூன்றாமவராய்க் கரைசேர்ந்தார். நான்காமவராகிய ஏர்வின் சீற்றாஸ் என்னும் யேர்மனியருக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்கு மாத்திரமே. அவ்வெண்கலப் பதக்கமே பிலிப்பைன் தேசம் ஒலிம்பிக் விழாவில் பெற்ற முதற் பதக்கம். தென்கிழக்காசியா முழுவதற்கும் அதுவே முதற் பதக்கமாகும்.

1932 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் மீண்டும் அதே போட்டி. மீண்டும் சுருதாவே முதல்வர். அவர் எடுத்த நேரம் 2 நிமிடம் 45.4 செக்கன். இரண்டாம் இடத்தை றெய்சோ கொய்க்கே என்னும் யப்பானிய இளைஞர் பெற்றார். இல்தெபொன்சோ 2 நிமிடம் 47.1 செக்கனில் மறுபடியும் மூன்றாமவர். இவ்வெண்களைச் சற்றே ஒப்பிட்டுப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகின்றோம். நான்கு ஆண்டுகளில் அவர் தம் நேரத்தில் ஒன்பது செக்கனுக்கு மேலாகக் குறைத்துவிட்டார். சுருதா அம்ஸ்ரடாமிற் பொற்பதக்கம் வென்ற நேரத்தைக் காட்டிலும் இது 1.7 செக்கன் விரைவு. ஆனால் சுருதாவும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அவர் இம்முறையும் சரியாக 1.7 செக்கன் முந்தியிருந்தார். முப்பதை எட்டும் வயதில் ஒருவர் இத்துணை முன்னேறியும் அவருக்குக் கிடைத்த இடம் பழைய இடமே. அவர் அதனாற் சோர்ந்து நீச்சலைக் கைவிட்டாரல்லர். 1936 இல் பேர்லினுக்கும் சென்று, இறுதிப் போட்டிவரை முன்னேறி, ஏழாமிடம் பெற்றார்.

இனிக் கூறவேண்டியது துயரமானது. 1941 டிசம்பரில் யப்பானியப் படைகள் பிலிப்பைன் தீவுகளைத் தாக்கின. 57 ஆவது அணி பத்தான் குடாநாட்டிலே, உணவும் மருந்தும் நாளுக்குநாள் அருகிவரப் போரிட்டது. 1942 ஏப்பிரில் 9 ஆம் நாள் பத்தான் படையினர் சரணடைந்தனர். சிறைப்பட்டோர் கொளுத்தும் வெயிலிலே நீரின்றிக் காதம் பல நடத்தப்பட்டனர். வீழ்ந்தவர் ஆங்காங்கே கொல்லப்பட்டனர். எஞ்சியோர் புகைவண்டிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் காப்பாஸ் என்னுமிடத்துச் சிறைமுகாமிற் சேர்க்கப்பட்டனர். வயிற்றோட்டமும் மலேரியாவும் பசியும் அங்கே பல்லாயிரவரைக் கொன்றன. இல்தெபொன்சோ அம்முகாமிலேயே 1942 ஜூன் மாதத்தில் உயிர்நீத்தார். நாற்பது வயதளவே அவருக்கு ஆகியிருந்தது.

இருமுறை அவரை வென்ற சுருதா யப்பானியக் கடற்படையிற் பணிபுரிந்தவர். அக்காரணத்தால் அவருக்கும் காப்பாஸ் கொடுமைக்கும் தொடர்பு கற்பித்தல் நமது கருத்தன்று. ஒரே நீர்த்தடாகத்தில் அடுத்தடுத்து நீந்திய இரு படைவீரரை அவர்தம் தேசங்களின் போர் எத்துணை வேறுபட்ட வழிகளில் செலுத்திவிட்டது என்பதை எண்ணும்போது மட்டும் நமது மனம் கலங்குகின்றது. சுருதா 1986 வரை வாழ்ந்தார்.

பிலிப்பைன் தேசத்தவருள் ஒலிம்பிக் பதக்கம் இரண்டு பெற்றவர் இல்தெபொன்சோ ஒருவரே என்னும் நிலை 89 ஆண்டுகள் நீடித்தது. 2016 இல் வெள்ளி பெற்ற பாரந்தூக்கும் வீராங்கனை இடிலின் டயஸ், 2021 இல் தோக்கியோவில் தம் நாட்டுக்கு முதற் பொற்பதக்கத்தை ஈட்டியபோதே அந்நிலை மாறிற்று. ஆயினும் நீச்சலிற் பதக்கம் பெற்ற வேறொரு பிலிப்பைன் வீரர் 2024 ஆம் ஆண்டு விழா முடியும்வரை தோன்றவில்லை.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உலக நீச்சல் வீரர்க்கென ஒரு புகழ் மண்டபம் உண்டு. சுருதாவின் பெயர் 1968 இல் அங்கே பொறிக்கப்பட்டது. கொய்க்கேயின் பெயரும் பின்னர் அங்கே இடம்பெற்றது. இல்தெபொன்சோவின் பெயர் 2010 இல் சேர்க்கப்பட்டது.