ஜோசப் பிராமா

ஜோசப் பிராமா (ஏப்ரல் 13, 1748 – டிசம்பர் 9, 1814) இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். நீரியல் அழுத்தியை உருவாக்கி 1795 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். பள்ளி இயற்பியலில் பாஸ்கல் விதியின் பயன்பாடாகக் காட்டப்படும் பிராமா அழுத்தி இவரது பெயரைத் தாங்கியுள்ளது. மண் அள்ளும் பொறி முதல் பெரிய பாய்மரப் படகுகளின் தாங்கு கம்பியை இழுக்கும் உருளை வரை பல கருவிகள் இதே தத்துவத்தில் இயங்குகின்றன. இவை யாவும் ஒரு சிறு அடைப்பு வளையத்தை நம்பியுள்ளன. அவ்வளையத்தின் வரலாறு பிராமாவோடு அவரது பணியாளர் ஹென்றி மாட்சிலியையும் சேர்ந்தது.

இளமை

பிராமா யார்க்‌ஷயரில் பார்ன்சிலி நகருக்கு அருகிலுள்ள ஸ்டெயின்பரோவில் உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பதினாறாம் வயதில் காலில் ஏற்பட்ட காயத்தால் வயல் வேலை இயலாமற் போகவே, தச்சர் ஒருவரிடம் தொழில் பழகினார். பின்னர் இலண்டன் சென்று மரச்சாமான் செய்பவராகப் பணியாற்றினார். வீடுகளில் நீர்க் கழிப்பறைகளைப் பொருத்தும் வேலையின்போது, அவை குளிர்காலத்தில் உறைந்து பழுதாவதைக் கண்டார். அதனைத் திருத்தியமைத்து 1778 இல் தமது முதல் காப்புரிமையைப் பெற்றார்.

பூட்டும் மாட்சிலியும்

1784 இல் பிராமா புதிய வகைப் பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இப்பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என அறிவித்து, 1790 முதல் பிக்காடிலி தெருவிலிருந்த தமது கடையின் சாளரத்தில் அதை வைத்தார். 1851 இல் அமெரிக்கரான ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் முயன்று அதனைத் திறந்தார். அப்போது பிராமா மறைந்து 37 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இப்பூட்டின் பாகங்களை மிகத் துல்லியமாகச் செய்ய வேண்டியிருந்தது. அதற்கென 1789 இல் வூலிச் படைக்கலச் சாலையிலிருந்து வந்து சேர்ந்தவர் பதினெட்டு வயது மாட்சிலி. விரைவிலேயே அவர் பட்டறையின் மேற்பார்வையாளரானார்.

நீரியல் அழுத்தி

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் மீது தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் 17 ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியிருந்தார். 1 சதுர செ.மீ. பரப்புள்ள சிறிய பிஸ்டனை 20 கிலோ விசையுடன் அழுத்தினால், 50 சதுர செ.மீ. பரப்புள்ள பெரிய பிஸ்டன் 1,000 கிலோ விசையைத் தரும். ஆனால் சிறிய பிஸ்டன் 50 செ.மீ. நகர்ந்தால்தான் பெரியது 1 செ.மீ. நகரும்.

கோட்பாடு எளிது, நடைமுறையில் தடையாக இருந்தது கசிவு. பிஸ்டனைச் சுற்றி அடைப்பைத் தளர்வாக வைத்தால் நீர் பீறிட்டது. இறுக்கினால் அது பிஸ்டனைப் பற்றிக்கொண்டு திரும்ப விடவில்லை. தோலால் ஆன, குறுக்குவெட்டில் ப வடிவம் கொண்ட வளையம் இதற்குத் தீர்வாயிற்று. நீரின் அழுத்தம் வளையத்தின் உதடுகளை விரித்து பிஸ்டனோடு ஒட்டச் செய்யும். அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகும். அழுத்தம் நீங்கியதும் பிஸ்டன் தடையின்றித் திரும்பும். இவ்வளையத்தை வடிவமைத்தவர் மாட்சிலியே என்று, பிற்காலத்தில் அவரிடம் உதவியாளராக இருந்த ஜேம்ஸ் நாஸ்மித் பதிவு செய்துள்ளார். எனினும் அழுத்தி பிராமாவின் பெயரையே பெற்றது.

1797 இல் மாட்சிலி வாரம் 30 ஷில்லிங் என்ற தமது ஊதியத்தை உயர்த்துமாறு கேட்டார். பிராமா மறுத்தார். மாட்சிலி விலகிச் சொந்தப் பட்டறை தொடங்கி, கடைசல் பொறியைச் செம்மைப்படுத்தியதன் மூலம் தாமும் பெரும் புகழ் பெற்றார்.

மறைவு

1806 இல் இங்கிலாந்து வங்கியின் பணத்தாள்களில் எண் அச்சிடும் பொறியைப் பிராமா உருவாக்கினார். 1814 இல் ஹோல்ட் காட்டில் தமது அழுத்தியைக் கொண்டு மரங்களை வேரோடு பெயர்க்கும் பணியை மேற்பார்வையிட்டபோது, குளிரால் நோயுற்று இலண்டன் பிம்லிகோவில் காலமானார்.

1849 இல் வேல்சின் பிரித்தானியா பாலத்தின் இரும்புக் குழாய்களைத் தூக்கியபோது நீரியல் அழுத்தி ஒன்றின் உருளை உடைந்தது. குழாய் உயர உயர அதன் அடியில் முட்டுக் கொடுத்து வந்ததால் அது சிறிதளவே இறங்கி நின்றது. பளுவை அழுத்தியை மட்டும் நம்பி விடலாகாது என்பதற்கு இது சான்றாயிற்று.

பாய்மரப் படகுகளில் பயன்பாடு

பாய்மரத்தைப் பின்புறமிருந்து பிடித்திருக்கும் கம்பியை இழுத்தால் முன்புறக் கம்பி விறைப்பாகிறது. பலத்த காற்றில் முன்பாய் தொய்வதில்லை. சென்னைத் துறைமுகத்திலுள்ள ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் ஓடும் சிறு படகுகளுக்குக் கயிறும் கப்பியும் போதும். பெரிய படகுகளில் இவ்வேலையைக் கைப்பம்புடன் கூடிய நீரியல் உருளை செய்கிறது. இதில் நீருக்குப் பதிலாக எண்ணெய் பயன்படுகிறது.

உருளையைத் தேர்ந்தெடுக்கும்போது, இழுக்கும் திசையில் தண்டின் பரப்பைக் கழித்தே கணக்கிட வேண்டும். உள்விட்டம் 5 செ.மீ., தண்டு 2 செ.மீ. எனில் பயன்படும் பரப்பு சுமார் 16.5 சதுர செ.மீ. ஆகும். சதுர செ.மீ.க்கு 200 கிலோ அழுத்தத்தில் இழுவிசை சுமார் 3,300 கிலோ. இது கம்பி அறுபடும் பளுவிற்கு வெகுவாகக் கீழே இருக்க வேண்டும்; அழுத்தம் எல்லை மீறாதிருக்க விடுவிப்பு வால்வும் தேவை.

பராமரிப்பின் மையம் மீண்டும் அந்த வளையமே. இன்று பட்டறைகளில் அதனை சீல் என்பர். தண்டின் மீது காய்ந்த உப்புத் துகள் சீலைக் கீறும் என்பதால் நன்னீரால் கழுவ வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்தால் நீர் கலந்துள்ளது எனப் பொருள். வெளியே எண்ணெய் தெரியாமலேயே அழுத்தமானி இறங்கினால் வால்விலோ பிஸ்டன் சீலிலோ உட்கசிவு உள்ளது. படகு கரையில் நிற்கும்போது கம்பியின் இழுவையைத் தளர்த்தி வைப்பது நலம்.

தண்டலம் முதல் ஒரகடம் வரையிலான தொழிற்சாலைகளில் இயங்கும் பளுதூக்கி வண்டிகளின் உருளைகளிலும் இதே அடைப்பே உள்ளது. அங்கு தேய்ந்த சீலை மாற்றும் தொழிலாளர் எவரும், பிராமா பெயர் பெற்ற, மாட்சிலி தீர்த்து வைத்த அதே சிக்கலையே கையாள்கின்றனர்.