பிரடெரிக் நிக்கல்சன்

சர் பிரடெரிக் அகஸ்டஸ் நிக்கல்சன் (1846 – 1936) சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிரித்தானிய ஆட்சிப்பணி அலுவலர் ஆவார். கொங்கு வட்டார வரலாற்றை ஆய்வோர் இன்றும் நாடும் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை (1887) எழுதியவர். உழவர் கடன்சுமை குறித்த இவரது அறிக்கை (1895, 1897) 1904 ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்திற்கு வழிகோலியது. இப்புகழ் இவரது மீன்வளப் பணியை ஓரளவு மறைத்துவிட்டது எனலாம்.

1905 இல் மாகாண மீன்வள ஆய்வை ஏற்ற நிக்கல்சன், யப்பானிய முறைகளை நேரில் கண்டறிந்தார். 1907 இல் மீன்வளத் துறை உருவானது. அவ்வாண்டிலேயே எச். சி. வில்சனின் முயற்சியால் நீலகிரியின் அவலாஞ்சியில் டிரவுட் மீன் பொரிப்பகம் அமைந்தது.

முட்டை பொரிப்பதைவிடக் குஞ்சுகளைக் காப்பதே இத்தகைய பொரிப்பகங்களில் கடினமாகும். பொரித்த குஞ்சு முதலில் தன் வயிற்றிலுள்ள கருவுணவைக் கொண்டே வாழும். அது தீரும் தறுவாயில், வாய்க்கு அடங்கும் அளவில் இரை கிடைக்காவிடில் மடிந்துவிடும். டிரவுட் குஞ்சு பெரியது. அரைத்த ஈரலையும் உண்ணும். கெண்டைக் குஞ்சோ மிகச் சிறியது. மூன்று நாட்களுக்குள் அதற்கு மிதவை நுண்ணுயிர்கள் தேவைப்படுவதால், குளத்தில் முன்னரே எருவிட்டு அவற்றைப் பெருக்குவர்.

1911 இல் இன்றைய ஆந்திராவிலுள்ள சுங்கேசுலாவில் துறையின் மீன் பண்ணை தொடங்கப்பட்டது. 1918 இல் நிக்கல்சனைத் தொடர்ந்து ஜேம்ஸ் ஹோர்னெல் இயக்குநரானார்.