ஓய்ந்த நாளிலும் ஓயாத கால்கள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

உடற்பயிற்சிக் கூடத்தில் சேருவது எளிது. தொடர்ந்து செல்வதுதான் அரிது. கல்லூரி திறந்ததும் அங்கே கூட்டம் அலைமோதும். ஆடி முடிவதற்குள் பாதிப் பேரைக் காணோம். உடல் அசதி, மனச் சோர்வு, செய்முறைத் தேர்வு, மழை என்று காரணங்களுக்கா பஞ்சம்? உற்சாகம் பொங்கும் நாளில் எடை தூக்க எவராலும் முடியும். உற்சாகம் வற்றிய நாளில் என்ன செய்வது? இதற்கு விடை தேடும் நண்பர்கள் வில்மா ருடால்ஃப் என்னும் வீராங்கனையின் வரலாற்றை அறிய வேண்டும்.

நோயோடு தொடங்கிய வாழ்வு

1940ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிளார்க்ஸ்வில் நகருக்கு அருகே வில்மா பிறந்தார். குறைமாதக் குழந்தை, எடை இரண்டு கிலோ அளவுதான். தந்தையின் 22 பிள்ளைகளில் 20ஆவது பிள்ளை. தந்தை ரயில்வே போர்ட்டர். தாய் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். நிமோனியாவும் செங்காய்ச்சலும் அடுத்தடுத்துத் தாக்கின. போதாக்குறைக்கு இளம்பிள்ளை வாதமும் வந்து இடக்காலை முடக்கியது.

கறுப்பின மக்களுக்கு உள்ளூரில் தக்க சிகிச்சை கிட்டாத காலம் அது. ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு அப்பால் நாஷ்வில் நகரில் இருந்த மெஹாரி மருத்துவக் கல்லூரிதான் கதி. மகளை அழைத்துக்கொண்டு தாய் பிளான்ச் வாரந்தோறும் பேருந்தில் அங்கே சென்று வந்தார். காலை நாள்தோறும் நான்கு முறை தேய்த்துவிட வேண்டும் என்று மருத்துவமனையில் கற்றுக்கொடுத்தார்கள். தாயும் அண்ணன்மாரும் அக்காள்மாரும் முறைவைத்து அதைச் செய்தார்கள். உழைத்துக் களைத்து வரும் அந்த வீட்டில் எல்லா நாளும் எல்லோருக்கும் உற்சாகம் இருந்திருக்குமா? இருந்திருக்க முடியாது. ஆனாலும் நாள் தவறவில்லை, முறையும் தவறவில்லை. ஒருவர் கை ஓய்ந்தால் மற்றொருவர் கை தொடர்ந்தது.

இளம்பிள்ளை வாதக் கிருமி தசையை நேரடியாக அழிப்பதில்லை. தண்டுவடத்தில் உள்ள, தசையை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கிறது. எஞ்சிய நரம்பணுக்கள் புதிய கிளைகளை விட்டு, ஆதரவிழந்த தசைநார்கள் சிலவற்றையேனும் தம் வசப்படுத்திக்கொள்ளும். இது ஒரே நாளில் நடப்பதன்று. அசையாத தசையோ நாளுக்கு நாள் மெலியும். எனவே ஒரு நாளில் மலையைப் புரட்டுவதைவிட, ஒவ்வொரு நாளும் ஒரு கல்லைப் புரட்டுவதே உடலுக்கு ஏற்றது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா? நகர்ந்தது! இரும்புத் தாங்கியோடு நடந்த வில்மா, 12 வயதளவில் எந்தத் துணையுமின்றி நடந்தார்.

தோல்வியும் தாமதமும்

பள்ளியில் கூடைப்பந்து ஆடினார். துறுதுறுவென்று குறுக்கே பறந்ததால் பயிற்சியாளர் அவருக்குக் கொசு என்று செல்லப் பெயர் வைத்தார். அவருடைய கால்களின் வேகத்தைக் கண்ட எட் டெம்பிள் என்னும் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஓட்டப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டார். ஆனால் டஸ்கீகியில் நடந்த பெரிய போட்டி ஒன்றில், ஓடிய ஓட்டம் எதிலும் வில்மா வெல்லவில்லை. மனம் உடைந்தாலும் மறுபடி பயிற்சிக்குத் திரும்பினார். 1956இல், 16 வயதில், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தொடரோட்டத்தில் வெண்கலம் பெற்றார்.

1958இல் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். அப்போது பயிற்சி நின்றது, நிற்கத்தான் வேண்டும். உடல் தேறியபின் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, படிப்புச் செலவுக்காக வளாகத்திலேயே வேலையும் செய்துகொண்டு ஓடினார். படிப்பு, வேலை, ஓட்டம் என மூன்று சுமைகள்! ஒரு நாள் அயர்ந்து தூங்கிவிட்டார். பயிற்சிக்கு 30 நிமிடம் தாமதம். ஒரு நிமிடத் தாமதத்துக்கு ஒரு சுற்று என்பது டெம்பிள் வகுத்த விதி. 30 சுற்றுகளையும் ஓடி முடித்தார். மறுநாள் 30 நிமிடம் முன்னதாகவே வந்து ஓடுதளத்தில் அமர்ந்திருந்தார். உற்சாகம் வந்த பிறகு வரலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

ரோமாபுரியில்

1960 ஜூலையில் 200 மீட்டரை 22.9 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அவ்வாண்டு ரோம் ஒலிம்பிக்கில், 100 மீட்டர் போட்டிக்கு முந்தைய நாள் கணுக்கால் பிசகியது. அதற்குரிய ஓய்வைக் கொடுத்து, மறுநாள் களம் இறங்கினார். 100 மீட்டர், 200 மீட்டர், தொடரோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம்! ஒரே ஒலிம்பிக்கில் தடகளத்தில் மூன்று தங்கம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் அவரே. ஊர் திரும்பியபோது, வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து பங்கேற்றால்தான் வரவேற்பு என்று உறுதியாக நின்றார். கிளார்க்ஸ்வில்லில் அப்படி நடந்த முதல் பொதுவிழா அதுதான். 1962இல் ஓட்டத்திலிருந்து ஓய்வுபெற்று, 1963இல் பட்டம் பெற்று ஆசிரியரானார். 1994 நவம்பர் 12ஆம் நாள், 54 வயதில், மூளைக் கட்டியால் மறைந்தார்.

நமக்குரிய பாடம்

காய்ச்சலும் காயமும் உள்ள நாளில் ஓய்வே மருந்து. அன்று எடையைத் தொடுவது வீரமல்ல. வெறும் மனச்சோர்வு என்றால், குறித்த நேரத்தில் கூடத்துக்குப் போய்விட வேண்டும். எடையைப் பாதியாக்குவோம், சுற்றுகளைக் குறைப்போம். ஆனால் நாளைத் தவறவிட வேண்டாம். தனியே முடியாவிட்டால் நண்பனோடு போவோம். பத்து நிமிடம் உடல் அசைந்தபின் பெரும்பாலும் மனமும் பின்னால் வந்துவிடும்.

என் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நம்மில் பலரும் அப்படித்தான். நாம் தளர்ந்த நாளில் நமக்காக ஓயாமல் உழைத்த கைகள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. வில்மாவின் கால் அவர் ஒருவருடைய முயற்சியால் மட்டும் நிமிரவில்லை. நம் கால்களும் அப்படியே. உடற்பயிற்சியானாலும் படிப்பானாலும், மனம் சோர்ந்த நாளில் அந்தக் கைகளை நினைப்போம். நினைத்த மாத்திரத்தில் எழுவோம்!