அமைச்சர் பதவி வகிக்காத எம்எல்ஏ. மறைந்தபின் சட்டமான கோரிக்கை: சாந்தவேரி கோபால கவுடாவின் அரசியல் வாழ்க்கை

பெங்களூரு: கர்நாடக சட்டப்பேரவை செயல்படும் விதான சவுதாவின் அருகே, நாள்தோறும் ஆயிரக்கணக்கான வாகனங்கள் கடந்து செல்லும் சாலைச் சந்திப்பு ஒன்று கோபால கவுடா சந்திப்பு என்று அழைக்கப்படுகிறது. முதலமைச்சராகவோ அமைச்சராகவோ ஒருநாளும் பதவி வகிக்காத, மூன்று முறை மட்டுமே பேரவைக்குத் தேர்வான சோசலிசத் தலைவர் சாந்தவேரி கோபால கவுடாவின் பெயர் அது. உழுபவருக்கே நிலம் சொந்தமாக வேண்டும் என்று இரண்டு தசாப்தங்கள் வாதிட்ட அவர், அந்தக் கோரிக்கை முழுமையான சட்டமாவதைக் காணாமலேயே 49-ஆவது வயதில் மறைந்தார்.

சிவமொக்கா மாவட்டம் தீர்த்தஹள்ளி வட்டத்தில், மலைநாட்டுப் பகுதியின் எளிய விவசாயக் குடும்பம் ஒன்றில் 1923-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் தேதி கோபால கவுடா பிறந்தார். பாக்குத் தோட்டங்களும் நெல் வயல்களும் நிறைந்த அப்பகுதியில் நிலம் சிலரது கையிலும் உழைப்பு பலரது தோளிலும் இருந்தது. 1942-ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் பங்கேற்று இளம் வயதிலேயே சிறை சென்ற அவர், பின்னர் ராம் மனோகர் லோகியாவின் சோசலிசக் கொள்கைகளால் ஈர்க்கப்பட்டார்.

மரக்கால் அளவில் எழுந்த போராட்டம்

அவரது பொதுவாழ்வின் திருப்புமுனையாக அமைந்தது 1951-ஆம் ஆண்டு சாகர் அருகேயுள்ள காகோடு கிராமத்தில் நடைபெற்ற விவசாயிகள் சத்தியாகிரகம். குத்தகை நெல்லை அளந்து பெறுவதற்கு நில உரிமையாளர்கள் வழக்கமான அளவைவிடப் பெரிய கொளகத்தைப் பயன்படுத்தியதே பிரச்சினையின் தொடக்கம். கொளகம் என்பது தமிழகத்தின் மரக்காலைப் போன்ற தானிய அளவைக் கருவி. அதன் கொள்ளளவு சற்றே கூடினாலும், ஆண்டு முழுவதும் உழைத்த குடும்பத்தின் உணவுக்கான நெல் குறைந்துவிடும்.

இதை எதிர்த்த குத்தகை விவசாயிகள் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். எச்.கணபதியப்பா முன்னின்று அவர்களைத் திரட்டினார். கோபால கவுடா உள்ளிட்ட சோசலிசக் கட்சியினர் போராட்டத்துக்குத் தோள் கொடுத்தனர். அத்துமீறி வயலில் இறங்கி உழுவதே சத்தியாகிரகத்தின் வடிவமாயிற்று. ஏராளமானோர் கைது செய்யப்பட்டனர். ஆதரவு தெரிவிக்க வந்த லோகியாவும் அதே ஆண்டு ஜூன் மாதம் கைதானார். உள்ளூர்ப் பிரச்சினையாகத் தொடங்கிய காகோடு, இதன்பிறகு நாடு முழுவதும் கவனிக்கப்பட்டது. எனினும் அந்த விவசாயிகளுக்கு நிலவுரிமை உடனே கிடைத்துவிடவில்லை.

எதிர்க்கட்சி வரிசையில்

அடுத்த ஆண்டு நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலில் சாகர்-ஹோசநகர் தொகுதியில் போட்டியிட்ட கோபால கவுடா, காங்கிரஸ் வேட்பாளரைத் தோற்கடித்து மைசூரு மாநில சட்டப்பேரவைக்குத் தேர்வானார். அப்போது அவருக்கு வயது 29. செல்வாக்கோ பணபலமோ இல்லாத நிலையில், வாக்குடன் தேர்தல் செலவுக்கு ஒரு ரூபாய் நோட்டையும் மக்களிடம் கேட்டுப் பெறும் வழக்கத்தை அவர் கடைப்பிடித்தார்.

விதான சவுதா அப்போது கட்டி முடிக்கப்படவில்லை. தற்போது கர்நாடக உயர்நீதிமன்றம் செயல்படும் பழைய கட்டடத்தில் 1952 ஜூன் 18-ஆம் தேதி பேரவை கூடியது. தேர்ந்தெடுக்கப்பட்ட 99 உறுப்பினர்களில் காங்கிரஸ் கட்சியினரே பெரும்பான்மையினர். சோசலிசக் கட்சியினர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தனர். எண்ணிக்கையால் அரசை அசைக்க முடியாத சூழலில், குத்தகை விவசாயிகளின் துயரத்தைப் பேரவையில் இடைவிடாது எழுப்புவதையே அவர் தமது பணியாகக் கொண்டார். தமிழகத்திலும் அதே 1952-இல்தான் தஞ்சைப் பகுதி குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் பாதுகாக்கும் அவசரச் சட்டத்தை ராஜாஜி அரசு பிறப்பித்தது.

கன்னடம் பேசும் பகுதிகள் அனைத்தும் ஒரே மாநிலமாக வேண்டும் என்பதும் அவரது உறுதியான நிலைப்பாடு. பழைய மைசூரு பகுதித் தலைவர்களில் ஒரு சாரார் இணைப்புக்குத் தயங்கிய காலத்தில் அவர் அதை ஆதரித்தார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலம் ஒருங்கிணைந்த பின்னரும் மைசூரு என்ற பெயரே நீடித்ததால், கர்நாடகம் என்று பெயர் மாற்ற வேண்டும் என்று வலியுறுத்தி வந்தார்.

1957 தேர்தலில் தோல்வியடைந்த அவர், 1962, 1967 தேர்தல்களில் தீர்த்தஹள்ளி தொகுதியிலிருந்து மீண்டும் பேரவைக்குச் சென்றார். இதனிடையே 1961-இல் நிறைவேற்றப்பட்ட நிலச்சீர்திருத்தச் சட்டம், சொந்தச் சாகுபடிக்கு என்று கூறி நிலத்தை மீட்டுக்கொள்ள உரிமையாளர்களுக்கு இடமளித்தது. குத்தகைதாரருக்கு முழு உரிமை என்ற கோரிக்கை அதனால் நிறைவேறாமலேயே நின்றது.

மறைவுக்குப் பின்

நோய்வாய்ப்பட்டிருந்த கோபால கவுடா 1972-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் தேதி காலமானார். காங்கிரஸ் தலைவர் தேவராஜ் அர்ஸ் முதலமைச்சராகப் பொறுப்பேற்று அப்போது மூன்று மாதங்கள்கூட நிறைவடையவில்லை. அடுத்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மாநிலத்தின் பெயர் கர்நாடகம் என்று மாறியது. 1974 மார்ச் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தச் சட்டத் திருத்தம், குத்தகைக்கு விடப்பட்ட நிலங்களை அரசின் வசமாக்கி, உழுது வந்தவர்களே அவற்றின் உரிமையைக் கோர வழிவகுத்தது. கோரிக்கைகளை விசாரிக்க வட்டந்தோறும் நிலத் தீர்ப்பாயங்கள் அமைக்கப்பட்டன. லட்சக்கணக்கான குத்தகை விவசாயிகள் நில உரிமையாளர்களாயினர். குத்தகைக்குக்கூட நிலம் இல்லாத கூலித் தொழிலாளர்களுக்கு இதனால் கிடைத்த பயன் குறைவு என்ற விமர்சனமும் உண்டு.

அவரது வழியில் அரசியலுக்கு வந்தவர்களில் எஸ்.பங்காரப்பாவும் ஜே.எச்.படேலும் பிற்காலத்தில் முதலமைச்சர்களாயினர். காகோடு கிராமத்தைச் சேர்ந்த காகோடு திம்மப்பா 2013-இல் சட்டப்பேரவைத் தலைவராகப் பொறுப்பேற்றார். எழுத்தாளர் யு.ஆர்.அனந்தமூர்த்தியின் 'அவஸ்தே' நாவலின் நாயகன் கோபால கவுடாவின் வாழ்க்கையைத் தழுவிப் படைக்கப்பட்ட பாத்திரம்.

நிலம் யாருக்கு என்ற விவாதம் கர்நாடகத்தில் இன்னும் ஓயவில்லை. விவசாயி அல்லாதோர் வேளாண் நிலம் வாங்குவதற்கு இருந்த முக்கியத் தடைகளை 2020-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் நீக்கியபோது விவசாய அமைப்புகள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தன. ஏழு தசாப்தங்களுக்கு முன் பெரும்பான்மை ஏதுமின்றி கோபால கவுடா பேரவையில் எழுப்பிய கேள்வியையே அவர்கள் மீண்டும் எழுப்பினர்.