வில்லியம் ரிவர்ஸ்

வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்ஸ் (மார்ச் 12, 1864 - ஜூன் 4, 1922) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவரும், உளவியலாளரும், மானிடவியலாளரும் ஆவார். முதலாம் உலகப் போரில் மனம் பாதிக்கப்பட்ட படை அதிகாரிகளைப் பேச வைத்து மருத்துவம் செய்தமைக்காக இவர் பரவலாக அறியப்படுகிறார். நீலகிரி மலையில் வாழும் தோடர்களைப் பற்றி இவர் எழுதிய நூல் தமிழகப் பழங்குடிகள் குறித்த தொடக்ககால ஆய்வுகளுள் முக்கியமானது.

இளமைக்காலம்

ரிவர்ஸ் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் பிறந்தார். இவரது தந்தை ஒரு கிறித்தவப் போதகர். திக்குவாய்க்குப் பயிற்சி அளிப்பதிலும் ஈடுபட்டிருந்தார். தாய்மாமனான ஜேம்ஸ் ஹன்ட் அத்துறையில் பெயர் பெற்றவர் என்பதுடன், 1863 இல் லண்டன் மானிடவியல் கழகத்தை நிறுவியவரும் ஆவார். இத்தகைய குடும்பத்தில் பிறந்தும் ரிவர்சின் திக்குவாய் முழுமையாக நீங்கவில்லை.

டன்பிரிட்ஜ் பள்ளியில் பயின்ற இவர், நோய்வாய்ப்பட்டதால் கேம்பிரிட்ஜ் உதவித்தொகைத் தேர்வை எழுத இயலாமல் போனது. எனவே லண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் மருத்துவம் கற்று, 1886 இல் தமது 22 ஆவது வயதில் பட்டம் பெற்றார். சில காலம் கப்பல் மருத்துவராகவும் பணியாற்றினார்.

ஆய்வுப் பணிகள்

1893 முதல் ரிவர்ஸ் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் புலனுறுப்புகளின் உடலியங்கியலைக் கற்பித்தார். 1898 இல் ஆல்ஃபிரட் ஹாடன் தலைமையில் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற ஆய்வுக் குழுவில் இடம்பெற்றார். அங்கு மக்களின் பார்வைத் திறனைச் சோதிக்கச் சென்ற இவர், உறவுமுறைகளைப் பதிவு செய்யும் வம்சாவளி முறையை உருவாக்கினார். இம்முறை பின்னர் மானிடவியல் களப்பணியின் அடிப்படைக் கருவிகளுள் ஒன்றானது.

1903 இல் இவரது நண்பரான நரம்பியல் மருத்துவர் ஹென்றி ஹெட், ஆய்வுக்காகத் தமது இடக்கையின் தோல் நரம்பு ஒன்றை வெட்டிக்கொண்டார். அந்தக் கையில் உணர்ச்சி படிப்படியாகத் திரும்பியதை ரிவர்ஸ் நான்கு ஆண்டுகள் சோதித்துக் குறித்து வைத்தார். இருவரும் 1908 இல் முடிவுகளை வெளியிட்டனர். அதே ஆண்டில் ரிவர்ஸ் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

நீலகிரியில் ரிவர்ஸ்

1901-1902 இல் ரிவர்ஸ் சில மாதங்கள் நீலகிரியில் தங்கித் தோடர்களை ஆராய்ந்தார். அப்போது தோடர்களின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 800 மட்டுமே. மொழிபெயர்ப்பாளர்களின் துணையுடன் அவர்களின் வம்சாவளி, மணமுறை, எருமைப் பால் தொடர்பான சடங்குகள் ஆகியவற்றைத் தொகுத்தார். தோடர்கள் என்னும் இந்நூல் 1906 இல் வெளியானது.

களப்பணியின்போது இவருக்குத் தகவல் தந்தவர்கள் சிலருக்கு அடுத்தடுத்துத் துன்பங்கள் நேர்ந்தன. மறைவாகக் காக்க வேண்டியவற்றை அயலாரிடம் சொன்னதே காரணம் எனத் தோடர்களின் குறி சொல்வோர் கூறினர். அதன் பின் பலர் பேச மறுத்தனர். இதனையும் ரிவர்ஸ் தமது நூலில் பதிவு செய்துள்ளார்.

போரும் மனவடுவும்

1915 இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் எறிகணை அதிர்ச்சி என்ற சொல்லை மருத்துவ இதழொன்றில் பயன்படுத்தினார். இவர் டோரஸ் நீரிணைப் பயணத்தில் ரிவர்சுடன் சென்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. குண்டுவெடிப்பின் அதிர்வு மூளையைத் தாக்குவதால் நோய் உண்டாகிறது எனப் பலர் முதலில் கருதினர். ஆனால் குண்டு விழுந்த இடத்துக்கு அருகிலேயே இல்லாதவர்களிடமும் நடுக்கம், பேச்சிழப்பு, உறக்கமின்மை ஆகியன காணப்பட்டன. உடலில் காயம் இல்லாததால் இவர்களைக் கோழைகள் என்றும் நடிப்பவர்கள் என்றும் ஐயுறும் போக்கு படையில் வலுவாக இருந்தது. அப்போரில் படையை விட்டு ஓடியமை, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரித்தானியப் பேரரசின் படையினர் 306 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் மனம் பாதிக்கப்பட்டவர்களும் இருந்தனர் என்று கருதப்படுகிறது. 2006 இல் இவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

ரிவர்ஸ் 1915 இல் மகுல் இராணுவ மருத்துவமனையிலும், 1916 இறுதியிலிருந்து எடின்பரோ நகரின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையிலும் பணியாற்றினார். பின்னது அதிகாரிகளுக்கு மட்டுமானது. சாதாரணப் படைவீரர்களிடம் பேச்சிழப்பும் முடக்கமும், அதிகாரிகளிடம் பதற்றமும் கொடுங்கனவுகளும் திக்குவாயும் மிகுந்திருப்பதை இவர் கவனித்தார். அச்சத்தை வெளிக்காட்டலாகாது என்று பள்ளிப் பருவம் முதல் பயிற்றுவிக்கப்பட்டதும், தமக்குக் கீழுள்ளோர் முன் துணிவாகத் தோன்ற வேண்டிய கட்டாயமுமே அதிகாரிகளின் நோய்க்குக் காரணம் என விளக்கினார்.

சிகிச்சை முறை

நடந்ததை மறந்துவிடுமாறு நோயாளிகளுக்கு அறிவுறுத்துவதே அன்றைய வழக்கம். உறவினரும் மருத்துவரும் இதனையே கூறினர்; நோயாளிகளும் வெட்கத்தினால் வாய் திறப்பதில்லை. பகலில் வலிந்து அமுக்கப்படும் நினைவுகளே இரவில் கொடுங்கனவுகளாக மீள்கின்றன என்று ரிவர்ஸ் கண்டார். 1917 டிசம்பரில் இக்கருத்தை அரச மருத்துவக் கழகத்தில் கட்டுரையாக வாசித்தார். அது 1918 இல் லான்செட் இதழில் வெளியானது.

அக்கட்டுரையில் இரண்டு நிகழ்வுகள் குறிப்பிடத்தக்கவை. நண்பனின் சிதைந்த உடலைக் கண்ட அதிகாரி ஒருவர் நாள்தோறும் அக்காட்சியைக் கனவில் கண்டு அஞ்சினார். உடல் அவ்வாறு சிதைந்திருப்பதால் நண்பன் துன்பமின்றி உடனே இறந்திருக்க வேண்டும் என ரிவர்ஸ் அவருக்கு எடுத்துக் கூறினார். அதன் பின் கனவின் தன்மை மாறியது; அச்சத்தின் இடத்தைத் துயரம் பிடித்தது. மற்றொருவர் குண்டுவெடிப்பில் தூக்கி வீசப்பட்டு, அழுகிய சடலம் ஒன்றின் மீது முகம் படிய விழுந்தவர். அந்நினைவில் ஆறுதல் தரக்கூடிய கூறு எதனையும் ரிவர்சால் காண முடியவில்லை. எனவே அவர் படையை விட்டு நீங்கி நாட்டுப்புற வாழ்வுக்குத் திரும்புவதே நலம் என முடிவு செய்தார். பேச வைப்பது எல்லோருக்கும் பொருந்தும் மருந்தன்று என்பதை ரிவர்ஸ் அறிந்திருந்தார் என்பதை இது காட்டுகிறது.

சிக்மண்ட் பிராய்டின் நனவிலி, அமுக்கம் ஆகிய கருத்துக்களை ரிவர்ஸ் ஏற்றார். எனினும் போர் நோய்களின் மூலம் பாலுணர்வு என்பதை ஏற்கவில்லை. உயிர் காத்துக்கொள்ளும் உந்துதலுக்கும் கடமைக்கும் இடையிலான மோதலே மூலம் என்றார்.

சசூனுடன் தொடர்பு

வீரத்துக்காகப் பதக்கம் பெற்ற கவிஞர் சீக்ஃபிரீட் சசூன், 1917 ஜூலையில் போர் தொடர்வதை எதிர்த்து அறிக்கை வெளியிட்டார். அவரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தாமல், மனநோயாளி என்ற பெயரில் கிரெய்க்லாக்கார்ட்டுக்கு அனுப்பினர். நோயாளி என்னும் முத்திரை அவரது எதிர்ப்பின் வலிமையைக் குறைத்தது. ரிவர்ஸ் அவரிடம் மனநோய் எதனையும் காணவில்லை. ஆயினும் படை அதிகாரி என்ற முறையில் அவரைக் கடமைக்குத் திருப்புவதே ரிவர்சின் பணியாக இருந்தது. நவம்பரில் சசூன் தாமே போருக்குத் திரும்ப ஒப்புக்கொண்டார். 1918 இல் தலையில் காயமடைந்தும் உயிர் பிழைத்தார்.

நோயாளிகளைக் குணப்படுத்தி மீண்டும் போர்முனைக்கு அனுப்புவது குறித்து ரிவர்சின் மனத்திலும் போராட்டம் இருந்தது. தமது கனவுகளையே ஆராய்ந்து இவர் எழுதிய பகுதிகளில் இது வெளிப்படுகிறது. இவை அடங்கிய நூல் இவரது மறைவுக்குப் பின் 1923 இல் வெளியானது.

இறுதிக்காலமும் தாக்கமும்

போருக்குப் பின் கேம்பிரிட்ஜ் திரும்பிய ரிவர்ஸ், 1920 இல் உள்ளுணர்வும் நனவிலியும் என்னும் பொருளில் நூல் வெளியிட்டார். இந்தியச் சமூகவியலாளர் ஜி. எஸ். குர்யே இக்காலத்தில் இவரிடம் பயின்றவர். 1922 பொதுத் தேர்தலுக்கு லண்டன் பல்கலைக்கழகத் தொகுதியின் தொழிற்கட்சி வேட்பாளராக இவர் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் குடலிறக்கம் திடீரெனக் கடுமையானதால் ஜூன் 4 அன்று காலமானார். அவருக்குப் பதிலாக எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் அத்தொகுதியில் போட்டியிட்டார்.

சசூன் தமது 1936 ஆம் ஆண்டு நூலில் ரிவர்சை இயற்பெயரிலேயே சித்தரித்தார். பாட் பார்க்கர் 1991 முதல் எழுதிய மூன்று புதினங்களில் ரிவர்ஸ் முக்கிய பாத்திரமாக வருகிறார். அவற்றுள் மூன்றாவது 1995 இல் புக்கர் பரிசு பெற்றது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய், அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் நோய்ப் பட்டியலில் 1980 இல்தான் அப்பெயருடன் இடம்பெற்றது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, துன்பத்தைச் சொல்வது கோழைத்தனமன்று என்ற நிலைப்பாட்டுடன் இவர் சிகிச்சை அளித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.