ஊசியும் குழலும்

ஜப்பான் நாட்டில் நோவு தீர்க்கும் பழைய முறைகள் பல உண்டு. அவற்றுள் உடலைப் பிடித்துவிடுதல், ஊசி குத்துதல், மூலிகைப் பொடியால் சூடு காட்டுதல் ஆகிய மூன்றும் பெயர் பெற்றவை. கால் பிசகியவரும் தோள் பிடித்துக்கொண்டவரும் இம்முறைகளை நாடி வந்தனர். ஊசிக்கலை சீன நாட்டிலிருந்து ஜப்பானுக்குச் சென்றது. அதனை ஜப்பானுக்கே உரிய கலையாகச் செய்ததில் பெரும்பங்கு கண்ணொளி இழந்த ஒருவரைச் சாரும். அவரே சுகியாமா வாயிச்சி.

வாயிச்சி 1610ஆம் ஆண்டில் போர்வீரர் குடியில் தோன்றினார். இளமையிலேயே நோயால் பார்வையை இழந்தார். வாளேந்தும் குலத்தொழில் அவருக்கு இயலாததாயிற்று. அக்காலத்தில் பார்வையற்றோர் யாழ் போன்ற இசைக்கருவியை மீட்டியோ, பிறர் உடலைப் பிடித்துவிட்டோ பிழைத்தனர். வாயிச்சி ஊசிக்கலையைக் கற்க விரும்பினார். இன்று டோக்கியோ என வழங்கும் எடோ நகரையடைந்து, யமாசே என்னும் ஆசிரியரிடம் மாணவரானார்.

ஊசியோ மயிர்போல் மெல்லியது, சிறிது கை தவறினும் வளையும், நோயாளிக்கும் வலியுண்டாகும். வாயிச்சிக்குக் கை எளிதில் பழகவில்லை. கற்ற பாடமும் நெஞ்சில் நிற்கவில்லை. ஆசிரியர் அவரை விலக்கிவிட்டார். குலத்தொழிலும் இல்லை, கற்ற தொழிலும் இல்லை என்னும் நிலை அவருக்கு வந்துற்றது.

அவர் மனம் தளர்ந்து எனோஷிமா என்னும் தீவுக்குச் சென்றார். அங்கே பென்சைட்டன் என்னும் தெய்வத்தின் குகைக்கோயில் உள்ளது. நம் நாட்டுக் கலைமகளே பௌத்த சமயத்துடன் அங்குச் சென்று அப்பெயர் பெற்றாள். அக்குகையில் வாயிச்சி பல நாள் உண்ணாநோன்பு இருந்தார். நோன்பு முடித்து வெளிவருகையில் கல்லொன்று தடுக்கி வீழ்ந்தார் என்றும், அப்போது ஏதோ ஒன்று அவர் உடலில் தைத்தது என்றும் வழிவழியாகச் சொல்லுவர். தடவிப் பார்க்க, அது சுருண்ட இலைக்குள் அகப்பட்டிருந்த ஊசியிலை மரத்தின் இலை. மெல்லிய இலையும் உறையொன்று தாங்கினால் வளையாமல் தைக்கும் என்பதை அவர் உணர்ந்தார்.

இதுவே குழல் முறையின் தோற்றம் என்பர். ஊசியைவிடச் சற்றுக் குறுகிய குழலைத் தோலின்மேல் ஊன்றி, ஊசியை அதனுள் இடுவர். மேலே நீண்டிருக்கும் நுனியை விரலால் மெல்லத் தட்டுவர். ஊசி வளையாது நேரே இறங்கும். குழல் தோலை அழுத்தி நிற்பதால் குத்தும் வலியும் குறையும். கண்ணின் துணை வேண்டா. விரலின் உணர்வே போதும்.

வாயிச்சி கியோட்டோ நகரில் இரியே மரபினரிடம் மேலும் பயின்று எடோவுக்கு மீண்டார். அவர் புகழ் ஓங்கியது. நாட்டை ஆண்ட சோகன் சுனயோஷிக்கும் அவர் மருத்துவம் செய்தார். வேண்டுவது யாது எனச் சோகன் வினவியபோது, ஒரு கண் வேண்டுமென்றார் வாயிச்சி என்று ஒரு வரலாறு வழங்குகிறது. கண்ணைத் தர இயலாத சோகன், ஒற்றைக்கண் என்று பொருள்படும் பெயருடைய இடத்தில் அவருக்கு நிலம் அளித்தாராம். அங்கு எழுந்த கோயில் இன்றும் டோக்கியோவில் உள்ளது.

தாம் பெற்ற வழியை வாயிச்சி தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. 1682ஆம் ஆண்டில் பார்வையற்றோர்க்கு ஊசிக்கலையும் பிடித்துவிடும் கலையும் கற்பிக்கும் பள்ளியை நிறுவினார். பிறர் இரக்கத்தை எதிர்நோக்கியிருந்த பலர், பிறர் நோவைத் தீர்ப்போராயினர். அவர் 1694ஆம் ஆண்டில் மறைந்தபின் மாணவர்கள் அப்பணியை நாடெங்கும் பரப்பினர்.

பார்வையற்றோரின் பழைய தொழிற்சங்கம் 1871ஆம் ஆண்டில் அரசாணையால் கலைக்கப்பட்டது. ஆயினும் கலை அழியவில்லை. ஊசி எல்லாப் பிணியையும் போக்கும் என்று இன்றைய மருத்துவ அறிவு ஒப்புவதில்லை. சிலவகை வலிகளைத் தணிக்கலாம் என்றே கருதுகிறது. எனினும் ஜப்பானிய ஊசி மருத்துவர் இன்றும் குழலைக் கையாளுகின்றனர். பார்வையற்ற மாணவரும் இக்கலையைப் பயின்று தம் காலில் நிற்கின்றனர். கை பழகாதவர் என விலக்கப்பட்ட ஒருவர், தம்மைப் போன்றோர் கைக்கெல்லாம் தொழில் தந்து சென்றார்.