அம்ரிதா ஷேர்கில்: உடலும் மண்ணும்

இந்திய நவீன ஓவியத்தின் தொடக்கத்தைப் பேசுவோர் அம்ரிதா ஷேர்கிலைத் தவிர்த்து மேற்செல்ல இயலாது. இருபத்தெட்டு ஆண்டுகளே வாழ்ந்த அவரைக் குறித்து எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி அவர்தம் அழகையும் காதல்களையுமே சுற்றி வருகிறது. ஆண் ஓவியர் ஒருவரின் வரலாற்றை இவ்வாறு தொடங்குவார்களா என்பது ஐயமே. அவர் உடலை எங்ஙனம் வரைந்தார், எம்மண்ணைத் தம்முடையதாகக் கொண்டார் என்னும் இரு வினாக்களே இங்கு நமக்கு வேண்டுவன.

1913ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் அம்ரிதா பிறந்தார். தந்தை உம்ராவ் சிங், பஞ்சாபின் மஜீதியா குடியைச் சேர்ந்த சீக்கியப் பெருநிலக்கிழார். வடமொழியும் பாரசீகமும் கற்றவர். ஒளிப்படக் கலையில் தோய்ந்தவர். தாய் மரீ அந்துவானெத், ஹங்கேரிய இசைப் பாடகி. முதல் உலகப்போர்க் காலம் ஹங்கேரியிலேயே கழிந்தது. 1921இல் குடும்பம் சிம்லாவிற்கு வந்தது. 1929இல் மகளின் ஓவியக் கல்விக்காகப் பாரிஸ் சென்றது. எந்நாட்டிலும் அவர் பாதி அயலாராகவே இருந்தார்.

பாரிஸில் வெற்றி விரைந்து வந்தது. 1932இல் தீட்டிய 'இளம் பெண்கள்' அடுத்த ஆண்டே தங்கப் பதக்கம் பெற்றது. எனினும் என் நோக்கில் அதனினும் கருதத்தக்கது 1933இல் தீட்டிய 'தொழில்முறை மாடல்' என்னும் ஓவியமாகும். ஓவியப் பள்ளிகளில் கூலிக்கு ஆடை களைந்து அமரும் பெண்ணொருத்தியின் தளர்ந்த உடல் அதில் உள்ளது. பார்ப்பவர்க்கு இன்பம் தரும் பொருளாக அவ்வுடலை அம்ரிதா ஆக்கவில்லை. உழைத்துக் களைத்த உடலாகவே விட்டுவிட்டார்.

1934இல் 'தஹித்திப் பெண்ணாகத் தன்னுருவம்' பிறந்தது. பிரெஞ்சு ஓவியர் பால் கோகன், தம் நாட்டின் ஆட்சிக்குட்பட்டிருந்த தஹித்தித் தீவிற்குச் சென்று அங்குள்ள பெண்களின் ஆடையற்ற மேனியை வரைந்து புகழ் ஈட்டியவர். அவரிடம் வண்ணம் கற்ற அம்ரிதா, அப்பெண்கள் நின்ற இடத்தில் தம்மையே நிறுத்தினார். இடைக்கு மேல் ஆடையற்ற பழுப்பு மேனி. முன்னே பிணைத்த கைகள். நம்மைப் பாராது வேறெங்கோ நோக்கும் கண்கள். பின்புறம் ஓர் ஆணின் நிழல். காண்பவன் ஐரோப்பியன், காணப்படுபவள் காலனியப் பெண் என்ற ஏற்பாடு இங்குக் குலைகிறது. வரைந்த கையும் வரையப்பட்ட உடலும் ஒருவருடையவையே. ஆயினும் ஒரு மறுப்பும் எழும்: அந்தத் தீவுப் பெண் இன்னும் பேசவில்லை, அவள் இடத்தில் வேறொருத்தி, அதுவும் வளமான குடியில் பிறந்தவள், வந்து நிற்கிறாள். இம்மறுப்பை எளிதில் தள்ள இயலாது.

அவ்வாண்டின் இறுதியில் இந்தியா திரும்பிய அம்ரிதா, மேனாட்டு உடையை விடுத்துச் சேலை உடுத்தலானார். 1935இல் சிம்லா ஓவியக் கழகம் அவருடைய சில ஓவியங்களை மறுத்து ஒன்றிற்குப் பரிசளித்தபோது, பரிசைத் திருப்பி அனுப்பினார். அதே ஆண்டில் வரைந்த 'மூன்று பெண்கள்' 1937இல் பம்பாய்க் கலைக்கழகத்தின் தங்கப் பதக்கம் பெற்றது. அருகருகே அமர்ந்தும் ஒருவரையொருவர் நோக்காத அம்மூவரை நம் கவிஞர்கள் காண வேண்டும்.

1936ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய தென்னகப் பயணமே அவர்தம் கலைக்குத் திருப்பம் தந்தது. அஜந்தாவைக் கண்டார், கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களில் மனம் பறிகொடுத்தார், அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த கன்னியாகுமரி வரை வந்தார். சிம்லாவிற்கு மீண்டபின் 1937இல் 'மணமகள் ஒப்பனை', 'பிரமச்சாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' ஆகிய மூன்றையும் தீட்டினார். கரிய மேனியும் வெள்ளாடையும் இவற்றில் ஒன்றையொன்று துலக்குகின்றன. 'பிரமச்சாரிகள்' ஓவியத்தில் மேலாடையற்ற ஐந்து ஆண் உடல்கள் உள்ளன. பெண்ணொருத்தி ஆணுடலைக் காமமும் இன்றி வழிபாடும் இன்றி இத்தனை அமைதியாக நோக்கிய ஓவியம் அந்நாளில் அரிது. வரைந்தவர் அவர்களின் மொழி அறியாதவர். சில வாரங்களே தங்கிய வழிப்போக்கர். தஹித்திப் பெண்ணைக் குறித்து எழுந்த வினா இங்கும் எழுகிறது. எனினும் இங்கே அவர் கோகனின் கண்ணைக் கடன் வாங்கவில்லை. அஜந்தாவிலும் மட்டாஞ்சேரியிலும் உட்கார்ந்து கற்ற கண்ணால் கண்டார். பிறப்பு தராத உரிமையை இவ்வுழைப்பு ஓரளவேனும் தந்தது என்றே கருதுகிறேன்.

1938இல் ஹங்கேரியில் தம் உறவினரான மருத்துவர் விக்டர் ஏகானை மணந்தார். மறு ஆண்டு இந்தியா திரும்பிக் கோரக்பூர் அருகே சராயாவில் வாழ்ந்தார். 1941 செப்டம்பரில் லாகூருக்குக் குடிபெயர்ந்தார். அங்குத் தனிக் கண்காட்சிக்குச் சில நாட்களே இருக்க, டிசம்பர் 5 அன்று இறந்தார். காரணம் இன்றளவும் தெளிவுபடவில்லை; கருக்கலைப்பின் விளைவாகலாம் என்பர் வரலாற்றாசிரியர் சிலர். வாழ்நாளெல்லாம் பெண்ணுடலை வரைந்தவரின் இறுதி நோய் பேசப்படாமலே போயிற்று.

ராவி ஆற்றங்கரையில் அவர் உடல் எரியூட்டப்பட்டது. ஆறு ஆண்டுகளில் அந்நகரம் வேறொரு நாடாயிற்று. 1976இல் இந்திய அரசு அவர் ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவித்தது. அவற்றை விற்பனைக்கு நாட்டிற்கு வெளியே கொண்டுசெல்லத் தடை உண்டு. இறுதி ஓவியம் முற்றுப்பெறவில்லை. லாகூர் வீட்டிலிருந்து கண்ட காட்சி அது: வீடுகள், கூரைகள், கீழே கரிய எருமைகள். மனித முகம் எதுவும் அதில் முதன்மை பெறவில்லை.